வீக்கம் வராத பாதம்

ஒரு பேனாவுக்கு விலை போகிற ஆள் நான் இல்லை என்று மருத்துவக் கல்லூரிக் காலத்திலிருந்தே சொல்லி வருகிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் கையில் ஏதாவதொரு மருந்துக் கம்பெனியின் பேனா இருக்கும். இதை யாரும் சுட்டிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். தப்பு என் பேரில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் வேகமாக வரும்.

நாகமலை புதுக்கோட்டையில் பதினாறு வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பல்கலைக்கழகத்து ஆட்கள், மறுபக்கம் செக்கானூரணி வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கம்பெனிகள் ஒரு காலத்தில் கொடுத்த சாமான்களுக்கு வீட்டிலும் குறைவில்லை. குடையில் வாயு மாத்திரையின் பெயர் இருக்கும், துண்டில் மூட்டுவலித் தைலத்தின் பெயர், சுவர்க் கடிகாரத்தில் சர்க்கரை மாத்திரையின் பெயர். மழை வந்தால் வாயுக் குடையை எடுத்துப் போகச் சொல்வாள் என் மனைவி. சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் மூட்டுவலித் துண்டை எடுத்துக் கொடுப்பாள். இதெல்லாம் வெறும் சாமான், இதற்கும் நான் எழுதுகிற மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். மனப்பூர்வமாகத்தான் நினைத்தேன்.

விளம்பரத்தில் மயங்குவது நோயாளிகளின் வேலை என்பது என் முடிவு. அதற்கு ஆதாரமும் நிறைய வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடிக்கடி அசதியாக இருக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, வைத்த பொருளை வைத்த இடம் மறந்துபோகிறதா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தது ஒரு சத்துமாவு விளம்பரம். மூன்றுக்கும் அவருடைய பதில் ஆமாம். அறுபத்தெட்டு வயதில் மூன்றுக்கும் இல்லை என்று சொல்பவரைத்தான் நான் பரிசோதிக்க வேண்டும் என்றேன். விளம்பரத்தில் வருகிறவருக்கும் தன் வயதுதான், அவர் மலையேறி ஓடுகிறாரே என்று கேட்டார். ஓடுவதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்றேன். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவன் பேச்சை இவ்வளவு படித்தவர் நம்பலாமா என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்து அனுப்பிவைத்தேன். அனுப்பிவிட்டு மணியை அடித்து, வெளியே காத்திருந்த மெடிக்கல் ரெப்பை உள்ளே வரச் சொன்னேன்.

அந்த ரெப் கிளினிக்குக்கு முதன்முதலில் வந்த நாள் அதுதான். வெயிலிலும் கழுத்தில் டை, தோளில் கறுப்புப் பை, முகத்தில் வியர்வை. இவர்களை நின்றபடியே பேசவைத்து இரண்டு நிமிடத்தில் அனுப்புவது என் வழக்கம். ஆனால் இவன் உள்ளே வந்ததும் சாப்பிட்டாகிவிட்டதா என்று சௌராஷ்டிரத்தில் கேட்டான். எங்கள் வீட்டில் பேசுவது அந்த மொழிதான். வீட்டில் சமைக்கவும் சண்டை போடவும் கடவுளிடம் முறையிடவும் அதுதான். கிளினிக்கில் அதற்கு வேலையே கிடையாது. காலையிலிருந்து வாந்தி, பேதி, நெஞ்செரிச்சல் என்று தமிழிலேயே கேட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவனிடம் என் அம்மாவின் மொழியில் ஒருவன் சாப்பாட்டை விசாரித்தால் என்ன ஆகும்? நாற்காலியை இழுத்துப் போட்டேன். டீ வாங்கிவரச் சொன்னேன்.

அவன் கொண்டுவந்தது ஒரு புது பிரஷர் மாத்திரை. அந்த வகை மாத்திரையில் பழையது ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டால் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும், அது மூன்றாம் வருட மாணவன் தூக்கத்தில்கூடச் சொல்லும் பாடம். இந்தப் புதியதில் அந்தத் தொந்தரவே இல்லை என்றான் ரெப். பையிலிருந்து படம் போட்ட அட்டையை எடுத்துக் கொடுத்தான். இடது பக்கம் திண்டு மாதிரி வீங்கிய ஒரு கால், வலது பக்கம் கல்யாணப்பெண்ணின் கால். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. கண்ணாடி போட்டால்தான் எனக்குப் படிக்க முடியும். கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. கால் வீங்கவே வீங்காது என்பதை அவன் எங்கள் மொழியில் சொல்லியிருந்தான். வீட்டுமொழியில் ஒருவன் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது டாக்டர்களுக்கு அன்பளிப்பு தரக்கூடாது என்று விதி வந்துவிட்டது. அதனால் அவன் எனக்கு அன்பளிப்பு எதுவும் தரவில்லை. நோயாளிகளுக்கு விளக்குவதற்கான கல்வி உபகரணம் என்று சொல்லி ஒரு பாதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை அகலத்துக்கு, ஐந்து விரலும் நகமும் வைத்து, மரப்பலகைமேல் நின்ற ஒற்றைப் பாதம். பலகையில் மாத்திரையின் பெயரைத் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். காகிதம் பறக்காமலிருக்க உதவும் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பாதத்தால் கல்வி பெற்றவர் ஒருவருமில்லை. கால் வலி தீர்ந்தால் தகட்டில் கால் செய்து உண்டியலில் போடுகிற ஊர் இது. மேசைமேல் ஒற்றைக் காலைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குப் புரிந்துவிட்டது, டாக்டர் ஏதோ வேண்டுதலில் இருக்கிறார். முதலில் செக்கானூரணிப் பக்கத்து அம்மா ஒருவர், நான் நாடி பிடித்துப் பார்த்து முடித்ததும், பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் கட்டைவிரலில் குங்குமம் இருந்தது. அதற்கடுத்த வாரம் கனகாம்பரம் வந்தது. ஒருநாள் எலுமிச்சம்பழம் இருந்தது, அதை நானே பிழிந்து குடித்துவிட்டேன். இது கம்பெனிக்காரன் கொடுத்தது என்று எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? பேராசிரியர்கூட ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டார். நான் சிரித்து மாளவில்லை. இந்த ஜனங்களை எப்படித்தான் திருத்துவது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அந்த மாதம் பிரஷர் என்று வந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரே மாத்திரையைத்தான் எழுதியிருந்தேன். அது மட்டும் எனக்குச் சிரிப்பாகப் படவில்லை.

அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருப் புரோட்டா கடையின் மாஸ்டர். வயது ஐம்பதுக்கு மேல். இருபத்திரண்டு வருடமாக அதே கடையில் அதே கல்லுக்கு முன்னால் நிற்கிறவர். மாவை வீசினால் மெல்லிய வேட்டி மாதிரி விரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெந்த புரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் அவர் அடிக்கிற சத்தம் கிளினிக் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டதும் என் அறையில் இருக்கிற நோயாளிகளின் வியாதி பாதி குறைந்துவிடும், மளமளவென்று கிளம்பிவிடுவார்கள்.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது மாதம் அவர் கால் வீங்கி வந்தார். கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மேசைமேல் தங்க எழுத்துப் போட்ட பாதம் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தேனா இல்லையா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. மாத்திரையால் இருக்கும் என்ற எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் வீக்கமே வராதே. நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதால் வந்தது என்று சொல்லி, நீர் பிரிய ஒரு மாத்திரையைச் சேர்த்து எழுதினேன்.

அந்த மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மாஸ்டர் அரை மணிக்கொருதரம் கல்லை விட்டு ஓடவேண்டியதாயிற்று. அவர் திரும்பி வருவதற்குள் ஒரு வரிசை புரோட்டா கருகியிருக்கும். வீச்சுப் புரோட்டா கேட்டவர்களுக்கு அப்பளம் கிடைத்தது. சாப்பிட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், கடை முதலாளி சத்தம் போட்டார். கால் மட்டும் வீங்கியபடியே இருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொன்னதைக் கேட்காமல் நின்றுகொண்டே இருந்தால் மருந்து எப்படி வேலை செய்யும் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நின்னது தப்புத்தான் சார். பழகிப்போன காலு, உக்காரச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனிதர். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன். அதோடு நிற்கவில்லை. அவராகக் கல்லை விட்டு நகரமாட்டார் என்று தெரிந்ததால், இவரை நீண்ட நேரம் நிற்கவைத்து வேலை வாங்கக் கூடாது என்று முதலாளிக்கு என் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு எனக்கு.

முதலாளி கடிதத்தை மதித்தார். மாஸ்டரைப் பின்கட்டில் ஒரு முக்காலி போட்டு வெங்காயம் உரிக்க உட்காரவைத்துவிட்டு, விருதுநகர்ப் பக்கமிருந்து இன்னொரு மாஸ்டரைக் கூட்டிவந்தார். வந்தவர் எண்ணெயில் பொரிக்கிற புரோட்டாக்காரர். அவருக்கு அடிக்கிற பழக்கமில்லை. ஆறு மணிச் சத்தம் நின்றுபோனது. மாதம் முடிவதற்குள் புது ஆள் நிலைத்துவிட்டால் அவரையே வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டாராம். வெங்காயம் உரிக்க மாஸ்டர் எதற்கு, யாரும் உரிப்பார்களே. இதையெல்லாம் சொன்னது கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற அக்கா. மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வாசலுக்கு அருகே நாற்காலியில் உட்கார்ந்தால் கிளினிக் மூடும்போதுதான் எழுந்திருப்பார். தண்ணீர்ப் பாட்டிலைக்கூட யாராவது எடுத்துத் தந்தால்தான் உண்டு. ஒரு புதன்கிழமை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். என் அறையில் அக்கா அந்தப் பிளாஸ்டிக் பாதத்துக்கு மஞ்சள் பூசி, முழம் பூவைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. வருகிறவர்கள்தான் விவரமில்லாமல் செய்கிறார்கள், பத்து வருடமாக இங்கே வேலை பார்க்கிற உங்களுக்கு என்ன வந்தது என்று பிடித்துக்கொண்டேன். அக்கா சேலையைக் கணுக்காலுக்குமேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"எத்தனை நாளா இப்படி இருக்குக்கா?"

"நீங்க எனக்குப் பிரஷருக்கு இந்தக் கம்பெனி சாம்பிள் மாத்திரை குடுத்த மறுமாசத்துல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நின்னுக்கிட்டே இருந்ததாலதான்னு வைவீங்க. நான் எங்க சார் நின்னேன்?" என்றார் அக்கா.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ரெப் கொடுத்த அட்டையை எடுத்து அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். சிலருக்குக் கணுக்கால் வீக்கம் ஏற்படலாம் என்று ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதியிருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. மாத்திரைமேலும் குற்றமில்லை, பிரஷரை அது நன்றாகத்தான் குறைத்தது. கண்ணாடி போடாமலிருந்தது மட்டும்தான் நடந்த தப்பு, அது என்னுடையது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு உடனே பசிக்கும். அன்று பசிக்கவில்லை.

அக்காவுக்கு மாத்திரையை மாற்றினேன். மாஸ்டரைக் கூப்பிட்டு அவருக்கும் மாற்றினேன், நீர் மாத்திரையை நிறுத்தினேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னேன். இரண்டு வாரத்தில் இருவர் காலும் வற்றிவிட்டது. மாஸ்டர் ஒரு பொட்டலத்தில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். நான் சொன்னபடி உட்கார்ந்து வேலை பார்த்ததால்தான் கால் சரியானது என்று கையெடுத்துக் கும்பிட்டார். கல் முன்னால் நிற்கிற ஆசையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அல்வாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே. அடுத்த செவ்வாய்க்கிழமை ரெப் வந்தான். வழக்கம்போல சாப்பாட்டை விசாரித்தான். நான் எழுந்து நின்று, எங்கள் மொழியில் எனக்குத் தெரிந்த வசவு அத்தனையையும் எடுத்து விட்டேன். என் தாத்தாவோடு வழக்கொழிந்துபோன வசவுகூட இரண்டு வந்து விழுந்தன. அவன் மாறாத சிரிப்போடு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "சார், எனக்கு உங்க பாஷையில மூணு வாக்கியந்தான் தெரியும். கூடப் படிச்சவன் சொல்லிக் குடுத்தான். இப்பச் சொன்னது எதுவும் புரியல" என்றான். திருமங்கலத்தில் ஒரு டாக்டருக்காகத் தெலுங்கில் மூன்று வாக்கியம், மேலூரில் ஒருவருக்காக உருதுவில் மூன்று வைத்திருக்கிறானாம். தமிழில் மறுபடியும் திட்டலாமென்று பார்த்தால் வேகம் போய்விட்டது. பேராசிரியரிடம் செய்த பிரசங்கம் நினைவுக்கு வந்தது. பாதத்தை மஞ்சளும் பூவுமாக அவன் பையிலேயே வைத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணி ஆனது. சத்தமில்லை. மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. டோக்கன் வாங்கியவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். இவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

முதலாளி விவரமான ஆள். கல்லாப் பெட்டிக்குள் தேடி என் பழைய கடிதத்தையும் எடுத்தார். இரண்டையும் இலைமேல் வைப்பதுபோலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கடையில் நாலு பெஞ்சும் நிறைந்திருந்தது. பாதிப் பேர் என்னிடம் வருகிறவர்கள்தான்.

"டாக்டர், இதுலயும் உங்க கையெழுத்து, அதுலயும் உங்க கையெழுத்து. நான் எதை நம்புறது?" என்று கேட்டார் முதலாளி.

பின்கட்டிலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். கையில் பாதி உரித்த வெங்காயம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, வெங்காய நெடியும் இருந்ததால் தப்பித்தேன்.

"முதல்ல எழுதுனது தப்புண்ணே. அவரு நின்னதால கால் வீங்கல. நான் குடுத்த மாத்திரையாலதான் வீங்குச்சு" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். கடை முழுக்கக் கேட்டிருந்தது. சால்னா வாளியோடு போனவர் அப்படியே நின்றார். மாஸ்டர் முன்னால் வந்தார்.

"அப்ப நின்னதுல தப்பு ஒண்ணும் இல்லையா சார்?"

"ஒண்ணுமே இல்லண்ணே. தப்பு எம்மேலதான்."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அத்தனை நாளும் அதுகளைத் திட்டியிருப்பார் போலிருக்கிறது. பிறகு கையைக் கழுவப் போனார். முதலாளி இரண்டு கடிதத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் புரோட்டாவையும் விடமுடியாது, இன்னொரு கல் போடுகிறேன் என்றார். அதுவரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி நிற்கட்டும், இப்போது இவர் நிற்கட்டும் என்றார். மாஸ்டர் கல்லுக்கு முன்னால் போய் நின்று மாவு உருண்டையை எடுத்தார்.

நல்லபடியாக முடிந்தது என்று நான் திரும்பினேன். ஓரத்துப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் புரோட்டாவைப் பிய்த்த கையோடு என்னைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் பிரஷர் என்று வந்தவர். இவரைப் போன்றவர்கள் அடுத்த தடவை வரும்போது சத்தமில்லாமல் மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப் போட்டிருந்தேன்.

"டாக்டர், அந்த மாத்திரை என்ன கலரு?" என்றார்.

"ரோஸ் கலரு" என்றேன்.

அவர் வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு காலைப் பெஞ்சுக்கு வெளியே நீட்டினார். எதிர்ப் பெஞ்சிலிருந்த அம்மா இலையை விட்டு எழாமலே சேலைக் கரையை விலக்கினார். வாசலோரம் நின்றிருந்த இன்னொருவர் செருப்பைக் கழற்றினார். நான் வெங்காய முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது.